வெள்ளைச் சேலை ஏறிய ராட்டினம்

போர்ட்டிக்சன் கடற்கரையில் ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. ஜப்பான்காரன் போன கையோடு சிரம்பானின் சீன முதலாளி, தவுக்கே ஒருவர் போட்டது. பழைய லாரி எஞ்சினில் சுற்றும் பெரிய ராட்டினம், மரக்குதிரைகள், மலாய் ரொங்கேங் நடனம் ஆடும் மேடை, காற்றுத் துப்பாக்கியால் பலூன் சுடும் கடை, ஓரத்தில் சாப்பாட்டுக் கடைகள். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் ரந்தாவ், லாபு பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக ஆள் வந்து இறங்கும்.

பிறகு அவசரகாலம் வந்தது. காட்டில் வெள்ளைக்காரனோடு சண்டையிட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். கேட்டில் படி வைத்த ஒரு கொட்டகையில் சோதனை. ஒரு பிடி சோறுகூட வெளியே போகக் கூடாது. பொழுது சாய்வதற்குள் எல்லாரும் உள்ளே வந்துவிட வேண்டும். பூங்காவில் முதலில் பலூன் சுடும் கடையை எடுக்கச் சொன்னார்கள். அந்தக் காற்றுத் துப்பாக்கியால் ராஜாங்கமே கவிழ்ந்துவிடுமோ என்னவோ! அடுத்து மேடையில் ஆட்டம் நின்றது. லாரிகளும் நின்றன.

அந்தச் சமயத்தில்தான் நானும் அம்மாவும் அங்கே போனோம். சுவா ஊருக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அப்பா, காய்ச்சலில் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்குப் பதிமூன்று வயது. நான் ஒரே பிள்ளை. ஆடி அமாவாசைக்குக் கடலில் அப்பாவுக்குச் சோறு வைத்தே தீர வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார். ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் யார் வைப்பதாம் என்று லயத்தில் முணுமுணுத்தார்கள்.

"எம்மவ வைப்பா," என்றார் அம்மா.

வெளியே போகத் தோட்டத் துரை பாஸ் கொடுத்துவிட்டார். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. கேட்டில் நின்ற போலீஸ்காரர் எங்கள் சட்டியைத் திறந்து பார்த்தார். "நாசி தா போலே," சோறு கொண்டுபோகக் கூடாது என்றார். செத்தவருக்கு வைக்கும் சோறு என்று அம்மா மன்றாடினார். அவர் காதில் விழவே இல்லை. சட்டியைக் கால்வாயில் கவிழ்த்தார். எனக்கு அந்தக் கையைக் கடிக்க வேண்டும் போலிருந்தது.

அம்மா காலிச் சட்டியோடு பஸ் ஏறினார். அந்தக் கரையில் சோறு விற்ற ஒரே இடம் பூங்காதான். அங்கே கடை போட்டிருந்த சீனப் பெண்ணை மொய் என்று கூப்பிட்டு, "பாபி தொடாத சட்டியிலேருந்து குடு, மொய்," என்று பன்றிக்கறி படாத சோறாகப் பாதி மலாயிலும் பாதிக் கையாலும் கேட்டு வாங்கினார். அதில் எள்ளைத் தூவி, வாழையிலையில் வைத்து, நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று மிதக்கவிட்டேன். கடல் அதை எடுத்துக்கொண்டது. அப்பா சாப்பிட்டுவிட்டார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

பஸ்ஸுக்கு நேரம் கிடந்தது. ஏற ஆளில்லாமல் ராட்டினம் நின்றுகொண்டிருந்தது. அம்மா அதையே பார்த்தார்.

"உங்கப்பா கூட்டிட்டுப் போறேன், கூட்டிட்டுப் போறேன்னே போய்ச் சேந்துட்டாரு. வா, ஏறுவோம்."

"கங்காணி வீட்டம்மா அங்க நிக்கிறாங்கம்மா. பாப்பாங்க."

"பாக்கட்டும்லா. அவளுக்கும் கண்ணு இருக்குல்ல."

வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா ஏறி உட்கார்ந்தார். உச்சியில் கடலைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அப்பா போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

சில மாதங்களில் பூங்காவை மூடிவிட்டார்கள். இரும்பை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதாகக் கேள்வி. வேலி போட்டு, நேரம் குறித்து, ஆளை வரவிடாமல் செய்தவர்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். குழாயடியில் எல்லார் முன்னாலும் கங்காணி வீட்டம்மா ஆரம்பித்தார்:

"தாலி அறுத்தவ கால் பட்டுச்சு, பார்க்கே படுத்துருச்சு."

அம்மா வாளியைக் கீழே வைத்தார்.

"எங்காலுக்கு அம்புட்டு சக்தியாக்கா? இது தெரியாமப் போச்சே! அந்தச் செக்கிங் கொட்டாயி இன்னும் நின்னுகிட்டுத்தானே இருக்கு. நாளைக்கே மிதிச்சுட்டு வரேன், அதுவும் படுக்கட்டும்."

மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது, அந்தக் கொட்டகையின் படியில் அம்மா இரண்டு காலையும் அழுத்தி ஊன்றி ஏறினார். பின்னால் வரிசையில் நின்ற பெண்களும் ஒவ்வொருவராக அப்படியே மிதித்து ஏறினார்கள்.