டேப்பின் மறுமுனை

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லி நான் கேட்டதில்லை. ராத்திரியில் நடந்ததுமில்லை. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை மதியம் நடந்தது. நான் தூக்க மாத்திரை போடுவதில்லை. கண்ணாடி போட்டால் பார்வையும் சரியாக இருக்கிறது. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கேட்டவர்கள் எல்லாரும், என் மகள் உட்பட, முதலில் விசாரித்தது இதைத்தான்.

முப்பது வருடம் கட்டட வரைபடம் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என் கணவர் போட்டோகிராபர். மூடிக்கிடக்கும் பழைய சினிமா தியேட்டர்களை இடிப்பதற்கு முன்னால் போய் அளந்து, படமெடுத்து, அங்கே வேலை பார்த்தவர்களைத் தேடிப் பேசி எழுதிவைக்கும் பைத்தியம் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பிடித்தது. யாரும் செய்யச் சொல்லவில்லை. விடுமுறை நாளில் மற்றவர்கள் கல்யாணத்துக்குப் போவார்கள், நாங்கள் வௌவால் பார்க்கப் போவோம். அப்படி முப்பத்தேழு தியேட்டர்கள். டேப்பின் ஒரு முனையை அவர் பிடிப்பார். மறுமுனையில் நின்று நான் அளவை எழுதுவேன். "கையைப் பிடிக்கிற வயசு போச்சு, டேப்பையாவது பிடிச்சுக்கறேன்" என்று சிரிப்பார். எழுதி முடித்ததும் நான் "ம், விடுங்க" என்பேன். விடுவார்.

அவர் போய் இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகியிருந்தன. முப்பத்தெட்டாவது தியேட்டருக்கு நான் தனியாகப் போனேன்.

மறுநாள் காலையில் அதை இடிக்கப்போகிறார்கள். எனக்குக் கிடைத்தது அந்த ஒரு மதியம்தான். இடிக்கும் கான்ட்ராக்டர் ஒரு வாரம் முன்னால் போட்டிருந்த காவலாளி வந்து முன்வாசல் கிரில் கதவைத் திறந்துவிட்டார். அப்போது மணி இரண்டு ஐந்து.

"தனியாவா வந்தீங்க மேடம்?"

"ஆமா."

"உள்ள கரண்டு கிடையாது."

"டார்ச் இருக்கு."

"நாலு மணிக்கு வந்து குரல் கொடுப்பேன். அதுக்கு மேல நிக்க முடியாது. வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில கிடக்கா. நான் பூட்டிட்டா காலையில மெஷின் வர்ற வரைக்கும் யாரும் திறக்க மாட்டாங்க. பார்த்துக்குங்க."

சரி என்றேன். அவர் சாலையைக் கடந்து போய்விட்டார்.

உள்ளே கதகதவென்று இருந்தது. கூரையில் ஓர் ஓடு உடைந்த இடத்திலிருந்து கம்பி மாதிரி ஒரு வெளிச்சம் தரையில் குத்தி நின்றது. இருபத்திரண்டு வரிசை நாற்காலிகள். எல்லாம் ஸ்பிரிங் வைத்தவை. ஆள் எழுந்தால் தானாக மடங்கிக்கொள்ளும். அத்தனையும் மடங்கியே இருந்தன. திரை கிழிந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. பின்வாசலைத் தேடினேன். அங்கே செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். குறித்துக்கொண்டேன். தரையெல்லாம் விரல் கனத்துக்குத் தூசி. என் காலடிகளைத் தவிர வேறு தடம் எதுவும் அதில் இல்லை.

தனியாக வேலை செய்யப் பழகியபிறகு ஒரு லேசர் கருவி வாங்கியிருந்தேன். ஒரு சுவரில் வைத்து அழுத்தினால் எதிர்ச்சுவர் வரை உள்ள தூரத்தைக் காட்டும். பின்சுவரிலிருந்து திரைமேடைக்கு வைத்தேன். இருபத்தேழு மீட்டர் என்றது. சரிபார்க்க மறுபடி வைத்தேன். பதினொன்று. மூன்றாம் முறை, ஒன்பது. நடுவில் ஏதோ அதை மறிப்பது போல. தூசியாக இருக்கும் என்று நினைத்தேன். பையிலிருந்து பழைய துணி டேப்பை எடுத்தேன்.

மேடை விளிம்பில் ஓர் ஆணி இருந்தது. டேப் முனையின் வளையத்தை அதில் மாட்டிவிட்டு, நடுப்பாதையில் பின்னோக்கி நடந்தேன். அத்தனை நீளத்துக்குத் துணி டேப் தொய்யும். தொய்ந்துதான் கிடந்தது. சரி, தொய்வுக்குக் கொஞ்சம் கழித்து எழுதிக்கொள்ளலாம் என்று பென்சிலை எடுத்தேன்.

டேப் மெல்ல எழும்பியது. நேராகி, விறைத்து நின்றது.

அளவைப் படித்தேன். இருபத்தேழு மீட்டர் நாற்பது. எழுதினேன். எழுதிக்கொண்டே, யோசிக்காமல், பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

"ம், விடுங்க."

டேப் தொப்பென்று தரையில் விழுந்தது.

மணி இரண்டு ஐம்பத்திரண்டு.

டார்ச்சை மேடைப் பக்கம் அடித்தேன். யாரும் இல்லை. ஆணி இருந்தது. வளையம் அதில் இல்லை. இரண்டு அடி தள்ளித் தரையில் கிடந்தது. நான் அப்போதே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஏன் என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்குப் பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது. இரண்டு வருடம் நாலு மாதமாக என் டேப்பின் மறுமுனையை யாரும் பிடித்ததில்லை.

அடுத்தது அகலம். இந்த முறை வேண்டுமென்றே வளையத்தை எதிலும் மாட்டவில்லை. இடதுசுவர் ஓரம் தரையில் வைத்துவிட்டு வலதுசுவருக்கு நடந்தேன். திரும்பிப் பார்த்தேன். டேப் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு எழும்பிக்கொண்டிருந்தது.

பதினெட்டு மீட்டர் அறுபத்தைந்து.

"விடுங்க."

விழுந்தது.

மூன்று இருபதுக்குப் பால்கனிக்கு ஏறினேன். கதவைத் திறந்து, திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போனேன். அங்கும் நான்கு அளவுகள் எடுத்தேன். நான்கிலும் மறுமுனை பிடிபட்டது. கால் வலித்தது. கடைசி வரிசையின் ஓரத்தில் ஒரு நாற்காலியை இறக்கி உட்கார்ந்து, நோட்டில் கணக்கைச் சரிபார்த்தேன்.

கிரீச்...

பக்கத்து நாற்காலி இறங்கியது. மெதுவாக. பாதியில் நின்றது. பிறகு ஒரு பாரம் ஏறியது போல முழுவதும் இறங்கியது.

டார்ச்சை நான் அந்தப் பக்கம் திருப்பவில்லை. திருப்பினால் போய்விடுவாரோ என்று... அணைத்தேன்.

"என்னங்க... நீங்கதானா?"

பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது.

அது போதுமாக இருந்தது எனக்கு. பேச ஆரம்பித்தேன். அவருடைய கேமராவை மகள் கேட்டும் நான் கொடுக்காததைச் சொன்னேன். இன்னும் இரண்டு டம்ளர் எடுத்துவைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைப்பதைச் சொன்னேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதில்லை, போன வாரம் மருந்துக்கடையில் பேசியபோது என் குரலே எனக்கு யாருடையதோ போல இருந்தது என்றேன். மகள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் பண்ணுவாள் என்றேன்.

"நடுவுல எனக்கு ஒண்ணு ஆனாக்கூட, நாலு நாளைக்கு யாரும் தேட மாட்டாங்க."

மூச்சுச் சத்தம் நின்றது.

கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

அப்போது கீழே, வெகு தூரத்தில், காவலாளியின் குரல்.

"மேடம்... முடிஞ்சுதா?"

கடிகாரத்தைப் பார்த்தேன். முள் இரண்டும் இருட்டில் லேசாக மினுங்கின. நாலு மணி.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

பக்கத்து நாற்காலி பேசியது.

"அவங்க போயிட்டாங்க. நான் பின்வாசல் வழியா போயிடறேன். பூட்டிக்கோங்க."

ஆண் குரல். பொறுமையான, மரியாதையான குரல்.

என் கணவருடையது இல்லை.

நான் இதுவரை கேட்டதே இல்லாத குரல்.

கீழே "சரிங்க" என்றார் காவலாளி. கிரில் இழுபடும் சத்தம். கரகரவென்று...

கத்தினேன். சத்தம் வரவில்லை. தொண்டையில் காற்றுதான் வந்தது.

எழுந்தேன். மடியிலிருந்த டார்ச் உருண்டு எங்கோ விழுந்தது. சுவரைத் தடவிக்கொண்டே ஓடினேன்.

கதவு மூடியிருந்தது.

தள்ளினேன். அசையவில்லை. தாழ்ப்பாள் இல்லாத கதவு அது. அந்தப் பக்கம் யாரோ முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பது போல ஒரு கனம்.

கீழே சங்கிலிச் சத்தம்.

என் பின்னால்... கிரீச்.

நாற்காலி மடங்கியது.

எழுந்துவிட்டது.

தோளால் இடித்தேன். ஒரு முறை. இரண்டு. மூன்றாவது முறை கதவு கொஞ்சம் கொஞ்சமாக, மனசில்லாமல் விலகியது. படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முழங்கால் கிழிந்ததே வீட்டுக்குப் போனபின்தான் தெரிந்தது. கிரில் கம்பியைப் பிடித்து உலுக்கியபோது காவலாளி பூட்டைச் சங்கிலியில் கோத்துக்கொண்டிருந்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"மேடம்... நீங்க போயிட்டீங்கன்னு சொன்னாரே."

"யாரு?"

"உங்க வீட்டுக்காரரு. பின்னாடியே வந்திருப்பாருன்னு நெனச்சேன். அவர் இல்லியா?"

என் பை, டார்ச், டேப் எல்லாம் உள்ளேயே கிடந்தன. போய் எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம், பூட்டுங்கள் என்றேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இடிக்க ஆரம்பித்தார்கள். நான் பார்க்கப் போகவில்லை.

அன்று ராத்திரி மகளுக்குப் போன் பண்ணினேன். புதன்கிழமை நான் கூப்பிட்டதே அவளுக்குக் கலக்கமாகிவிட்டது. கூட வந்து இரும்மா என்றாள். இத்தனை நாள் மறுத்தவள், மறு வாரமே பெட்டி கட்டினேன்.

பெட்டி கட்டும்போது பழைய காகிதங்களுக்கு நடுவே ஒரு போன் நம்பர் கிடைத்தது. அந்தத் தியேட்டரில் கடைசிவரை வாசலில் நின்று டிக்கெட் கிழித்தவருடையது. பேட்டிக்காக வாங்கி வைத்திருந்தேன். இரண்டு நாள் தயங்கினேன். பிறகு கூப்பிட்டேன். வயதானவர், நிதானமாகப் பேசினார். எனக்கு நடந்ததை நான் சொல்லவில்லை. கடைசிக் காட்சியைப் பற்றி மட்டும் கேட்டேன்.

"மேட்னியோட மூடிட்டோம்மா. எண்ணி ஆறு பேரு படம் பார்த்தாங்க. அஞ்சு பேருதான் வெளிய வந்தாங்க, அதை நான் கவனிக்கல. முட்டி வலி, மேல ஏற முடியல. கீழ நின்னே குரல் கொடுத்தேன், யாராவது இருக்கீங்களான்னு. எல்லாரும் போயிட்டாங்க, நான் பின்வாசல் வழியா போயிடறேன், பூட்டிக்கோங்கன்னு பதில் வந்துச்சு. பூட்டிட்டேன்."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"அப்புறம்?"

"பதினோரு மாசம் கழிச்சுத் திறந்தாங்க. பால்கனிக் கதவுக்கு உள்பக்கம் ஒருத்தர் கிடந்தாரு. கதவுல முதுகைச் சாய்ச்சு உட்கார்ந்த மாதிரி. தினமும் தனியா வருவாரு, கடைசி வரிசையில உட்காருவாரு. தங்கமான மனுஷன். அவரைக் காணோம்னு பதினோரு மாசத்துல ஒருத்தர்கூடத் தேடலம்மா."

பிறகு நான் கேட்டேன்.

"அன்னைக்கு உங்களுக்குப் பதில் சொன்னது அவர்தானா?"

"போலீஸும் அதைத்தான் கேட்டாங்க." அவர் குரல் தாழ்ந்தது. "இல்லம்மா. பால்கனி கூட்டுறவங்கன்னு நெனச்சுதான் பூட்டினேன். அந்தம்மா அன்னைக்கு வேலைக்கே வரலையாம். ஆனா நான் கேட்டது பொம்பளைக் குரல்தான்."