புஷ் மாற்ற வந்த இரண்டு சீட்டு வண்டி

பழைய காருக்கு அடியில் ரப்பர் புஷ் போட்டுக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு: கோளாறு எங்கே என்று வண்டிக்காரரும் சொல்ல மாட்டார், வண்டியும் சொல்லாது. திருவையாறு ரோட்டில் நானும் என் வீட்டுக்காரரும் பட்டறை வைத்திருக்கிறோம். லேத்து அவருக்கு. அச்சில் ரப்பர் வார்ப்பது, வண்டிக்கு அடியில் படுப்பது, நடுநடுவே மூன்று வயது மகளுக்குச் சோறு ஊட்டுவது எல்லாம் எனக்கு. என்னைப்போலவே நகக்கண்ணில் கிரீஸ் போகாமல் அலைகிறவர்களே, இந்த வண்டிக் கதையை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

கரியாய் உதிர்ந்தது

பக்கத்து ஊர் ராஜேந்திரன் அண்ணன், நெல் விவசாயி. ஒருநாள் டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார், தரையோடு ஒட்டிய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. அவருடைய அண்ணன் ஆசைப்பட்டு வாங்கியது. தினமும் நாலு மணிக்கு வயலிலிருந்து வந்து, மகள் கயலை ஏற்றிக்கொண்டு ஆற்றுப்பாலம் வரை ஒரு சுற்று போவாராம். "உன் கல்யாணத்துக்கு மண்டபம் வரைக்கும் நான்தான் ஓட்டிட்டுப் போவேன்" என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தவர், போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். வருகிற ஆவணியில் கல்யாணம். அப்பா இல்லாவிட்டாலும் அப்பா வண்டியில்தான் போவேன் என்று கயல் ஒரே பிடியாக நிற்கிறாள். ஓட்டப்போவது சித்தப்பா ராஜேந்திரன் அண்ணன்தான்.

சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரும்புக் கைக்கும் வண்டிக்கும் நடுவே, அதிர்ச்சியைத் தாங்குகிற சின்ன வளையம்தான் புஷ். கழற்றி விரலால் அழுத்தினேன். அடுப்புக்கரி மாதிரி உதிர்ந்தது. டிரைவர் பக்கத்துப் புஷ் மட்டும் அதிகமாக நசுங்கியிருந்தது. கடைசியாக யார் ஓட்டியது என்று கேட்டேன். அவர் வண்டியைப் பார்க்காமல் சொன்னார்:

"அண்ணன் போனதுலேருந்து யாரும் உக்காரவே இல்லைம்மா. ஆனா மாசத்துக்கு மாசம் அந்தப் பக்கம் மட்டும் இறங்கிக்கிட்டேதான் இருக்கு."

பாலி போட்டபோது

என்ன போடுவது என்று வீட்டில் இரண்டு நாள் சண்டை. நைலான் கல்லு மாதிரி, நம்ம ரோட்டில் பல் ஆடிவிடும். ரப்பர் மெத்தென்று இருக்கும், எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். பாலியூரித்தேன் இரண்டுக்கும் நடுவில். நாள்பட உழைக்கும், உள்ளே கிரீஸ் குறைந்தால் மட்டும் சத்தம் போடும். பாலி என்று முடிவு செய்து, கிரீஸை அப்பி மாட்டினேன்.

முதல் வேகத்தடையிலேயே வண்டி கனைத்தது. பாலி கீச்சென்று கத்தும், தெரியும். இது அப்படி இல்லை. ஆம்பிளை ஒருத்தர் வாசலில் நின்று தொண்டையைச் செருமுகிற மாதிரி. கழற்றி மறுபடி கிரீஸ் வைத்தேன். மறுபடி அதே செருமல். மூன்றாவது தடவை கயலும் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். சத்தம் கேட்டதும் துப்பட்டாவைச் சட்டென்று சரிசெய்துகொண்டாள்.

"எங்கப்பா வீட்டுக்குள்ள வர்றப்ப இப்படித்தான் கனைப்பாரு அக்கா."

நாலு மணி

அந்தச் சத்தத்தோடு ஸ்டியரிங் பிடிக்க முடியாது என்று சித்தப்பா சொல்லிவிட்டார். பாலியைக் கழற்றி ரப்பர் மாட்டி, வண்டியை ஷெட்டில் நிறுத்தினேன். மறுநாள் மகளுக்குச் சோறு பிசைந்துகொண்டிருக்கும்போது வண்டியிலிருந்து ஒரு பெருமூச்சு. டிரைவர் பக்கம் மெல்ல இரண்டு விரல் தாழ்ந்தது, கனமான ஆள் ஏறி உட்கார்ந்தால் தாழுமே, அந்த மாதிரி. ஷெட்டில் எங்களைத் தவிர யாரும் இல்லை. கடிகாரம் நாலு. அதற்கு மறுநாளும் நாலு மணிக்கு இன்னொரு விரல்.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஜாக்கியில சக்கரம் தொங்குறப்பவே போல்ட்டை முடுக்கிட்டியா? இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்குது. வெயில்ல இளகி விட்டுக்கொடுக்குது. பேய் பிசாசு எதுவும் இல்ல, நீதான்." மானம் போயிற்று. இருந்தாலும் கேட்டேன்: இடது பக்கத்தையும் அப்படித்தானே முடுக்கினேன், அது ஏன் இறங்கவில்லை? சிரிப்பு நின்றது. எழுந்து லேத்துப் பக்கம் நடந்துகொண்டே சொன்னார்:

"அதைக் கேக்காத. போய் லூஸ் பண்ணு."

நெல்லு மூட்டை

சக்கரம் தரையில் நிற்க வேண்டும், ஓட்டுகிறவர் எடையும் பக்கத்தில் இருப்பவர் எடையும் சீட்டில் இருக்க வேண்டும், அப்புறம்தான் முடுக்க வேண்டும். ஆட்களை அவ்வளவு நேரம் உட்கார வைக்க முடியாதே என்று, தன் எடைக்கு ஒரு நெல்லு மூட்டை, கயல் எடைக்கு ஒன்று கட்டிக்கொண்டு வந்தார் சித்தப்பா. கயலும் வந்தாள். எல்லா போல்ட்டையும் தளர்த்திவிட்டு, "ஏத்துங்கண்ணே" என்றேன். இடது சீட்டில் ஒரு மூட்டை இறங்கிய சத்தம் கேட்டது. டேப்பை எடுத்துக்கொண்டு குனிந்தேன். மட்கார்டிலிருந்து தரை வரை இடது பக்கம் அளந்தேன், வலது பக்கம் அளந்தேன். நூல் பிசகாமல் ஒரே அளவு. சந்தோஷமாக நிமிர்ந்து, "ரெண்டு பக்கமும் சமமா உக்காந்துடுச்சு" என்றேன்.

சித்தப்பா அசையாமல் நின்றார். அவருடைய எடை மூட்டை இன்னும் அவர் தோளிலேயே இருந்தது.

அவர் மூட்டையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, "வேற வண்டி பேசிடுவோம் பாப்பா" என்றார். கயல் சுற்றி வந்து டிரைவர் சீட்டையே பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"அந்த மூட்டை வேணாம். இப்படியே முடுக்குங்க அக்கா."

ஆவணியில் சித்தப்பா ஓட்ட, கயல் அந்த வண்டியிலேயே மண்டபம் போய்ச் சேர்ந்தாள். ரப்பரா, பாலியா, நைலானா என்று கேட்டு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் முதலில் விசாரிப்பது, வண்டியில் மொத்தம் எத்தனை பேர் உட்காருவார்கள் என்பதைத்தான்.