பேட்டரி இல்லாத சந்தில் ஒரு வீடியோ கேம்

தாராவியில் பழைய லேப்டாப்களைப் பிரித்து, துடைத்து, மறுபடி பூட்டி விற்பது என் தொழில். வீடியோ கேம் செய்கிறவன் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தது இரண்டே வருடம். அந்த இரண்டு வருடத்தில் என் தங்கை புருஷனை எப்படிக் கவிழ்த்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். சிரிப்பு வருகிற இடத்தில் தாராளமாகச் சிரிக்கலாம். நானும் அப்போது சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாப்பிள்ளைக்குச் செம்பூரில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் நல்ல வேலை. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு போவார். என் கழுத்தில் வேர்க்குருதான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட வந்தவரிடம், "இப்ப வார கேம் எல்லாம் லட்ச ரூவா மிஷின்லதான் ஓடுது. நான் விக்கிற ஓட்டை லேப்டாப்ல ஓடுற மாதிரி ஒண்ணு செஞ்சா என்ன மாப்ள?" என்றேன். சோறு செரித்ததும் மறந்துவிட வேண்டிய பேச்சு அது. எனக்கு மறந்தும் போனது. அவர் மூன்றே மாதத்தில் வேலையை விட்டுவிட்டு என் கடையின் மேல்தட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார். நிமிர்ந்தால் தகரம் தலையில் இடிக்கும். குனிந்தபடியே இரண்டு வருடம் புரோகிராம் எழுதினார்.

கேம் இதுதான். மழை கொட்டுகிறது. சந்துக்குள் தண்ணீர் ஏறி வீட்டுக்குள் வருகிறது. முழங்காலைத் தொடுவதற்குள் அரிசி டப்பா, சிலிண்டர், டிவி, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் மேலே ஏற்ற வேண்டும். முதலில் எதை எடுப்பது என்பதில்தான் விளையாட்டு. மாமியாரையும் தூக்க வேண்டிய சாமான்களில் சேர்க்கலாம் என்று நான் சொன்ன யோசனையை, என் அம்மாவின் மருமகன் என்ற முறையில் அவர் மறுத்துவிட்டார். தண்ணீர் மட்டும் அசலாக இருக்க வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். தெருவிளக்கு அதில் தெரிய வேண்டும், அலை அடிக்க வேண்டும். மாப்பிள்ளை பாடுபட்டு அதையும் வரவழைத்தார். என் கடையில் இருந்த பத்து வருடத்துப் பழைய லேப்டாப்பில்கூடத் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடியது. தெரு முழுக்கக் கூப்பிட்டுக் காட்டினேன்.

எங்கள் சந்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பல வருடங்களுக்கு முன் பக்கத்துக் கடை மேல்தட்டில் உப்பிப்போன லேப்டாப் பேட்டரி ஒன்று வெடித்துத் தீப்பிடித்தது. மேலே படுத்திருந்த கூலிக்காரர் இறங்கி வரவில்லை. அதிலிருந்து எந்த லேப்டாப் சந்துக்குள் வந்தாலும் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. அன்று சாயங்காலமே அது சந்தை விட்டு வெளியே போய்விட வேண்டும். எங்களிடம் உள்ள எல்லா லேப்டாப்பும் சுவரிலிருந்து வருகிற வயரில்தான் ஓடும். வயரை உருவினால் திரை செத்துவிடும். எனக்கு லேப்டாப் என்றாலே அதுதான்.

கேம் முடிகிற சமயம் தங்கைக்கு ஐந்து மாதம். ஒரு நாள் என்னைத் தனியாக மடக்கினாள்.

"எண்ணே, அவர மஸ்கட்ல வேலைக்குக் கூப்புடுதாவ. விக்ரோலி கம்பெனிக்காரன் எடுக்கலன்னா போயிருதேன்னு சொல்லிட்டாரு. நான் புள்ளயத் தனியாப் பெத்துக்கிடணுமா?"

"எடுப்பான்ட்டி. எடுக்காம எங்க போவான்? ஒம் புருசன் மஸ்கட் போனா நான் மொட்ட போட்டுக்கிடுதேன்."

"ஒனக்கு இருக்குறதே நாலு முடி."

விக்ரோலியில் இருந்த அந்தக் கம்பெனி சின்னச் சின்ன கேம்களை எடுத்து வெளியிடுகிறது. எடுத்துக்கொண்டால் ஒரு வருடம் சம்பளமும் உட்கார இடமும் தருவார்கள். 'லேப்டாப்புக்காகவே செய்த கேம்' என்று எங்கள் விண்ணப்பத்தின் முதல் வரியில் நான்தான் எழுதியிருந்தேன். முடிவு செய்கிற அம்மாள் கேமைத் தன் லேப்டாப்பில் ஏற்றி ஓட்டினார். தண்ணீர் வந்தது, விளக்கு தெரிந்தது. அவர் சிலிண்டரைத் தூக்கிவிட்டுச் சிரித்தார். மாப்பிள்ளை மேஜைக்கடியில் என் தொடையைக் கிள்ளினார்.

அப்புறம் அந்த அம்மாள் வயரைப் பிடுங்கினார். எதிர்ச் சோபாவில் இருந்தவருக்குக் காட்டுவதற்காக லேப்டாப்பை ஏந்திக்கொண்டு நடந்தார். திரை அணையவில்லை. நான் அதையே அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் தண்ணீர் நின்றது. ஒரு அடி நகர்ந்தது, மறுபடி நின்றது. வயர் போனதும் மிஷின் தன் பலத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளும் என்பதும், என் அலையையும் விளக்கையும் அந்தப் பாதி பலத்தால் இழுக்க முடியாது என்பதும் எனக்கு அந்தச் சோபா முன்னால்தான் தெரிந்தது.

"இது வெயில்காலக் குழாய்த் தண்ணி மேடம், மெதுவாத்தான் வரும்" என்று இந்தியில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பேட்டரியில் ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டார். எங்கள் சந்தில் பேட்டரியே கிடையாது என்றேன். அதற்குத்தான் சிரித்தார்கள். கோமாளிக்கு இது ஒரு கஷ்டம், உண்மையைச் சொன்னால் கை தட்டுவார்கள்.

திரும்பும்போது ரயிலில் மாப்பிள்ளை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். இரண்டு மாதம் முன்பே கேட்டவர் அவர். "மச்சான், சுனாபட்டில நம்ம பிரெண்டு புது லேப்டாப் வச்சிருக்கான். பேட்டரில ஒருக்க ஓட்டிப் பாத்துருவமா?" என்றார். "வயரப் புடுங்கிட்டு வெளாடுறவன் எவன் வே? சோலியப் பாரும்" என்று சொன்னவன் நான்.

மாப்பிள்ளை சுனாபட்டிக்காரரின் லேப்டாப்பை வாங்கி வந்து நான்கே நாளில் கேமைச் சரி செய்தார். சந்து முனையில் வைத்துத்தான், பேட்டரி இருந்ததால் உள்ளே விடவில்லை. தண்ணீரில் விளக்கு தெரிவதை எடுத்துவிட்டார். வயர் இல்லையென்று தெரிந்ததும் கேம் தானே தன்னைச் சுருக்கிக்கொள்ளும்படி எழுதினார். வெள்ளம் கலங்கலாக, இன்னும் நிஜமாக ஓடியது. கம்பெனிக்கு எழுதினோம். இடம் வேறு ஒருவருக்குப் போய்விட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று மரியாதையாகப் பதில் வந்தது.

அந்த மாதமே மஸ்கட் போனார். தங்கை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மொட்டை போட்டுக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை.

ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போனில் வீடியோ போட்டு அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். "எங்கண்ணன் எம்புட்டுப் பாடுபட்டான்! பேட்டரில ஓட்டிப் பாக்க மறந்துட்டேன்னு சொல்லுதியளே, ஒரு வயரப் புடுங்கிப் பாக்க ஒங்களுக்கு நேரமில்லையா?"

பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டுதான் போயிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் அவள் கூட இருக்க வேண்டியவன் என்பதால் இருக்கலாம். வாயைத் திறந்தேன். சோற்றை வைத்து மூடிக்கொண்டேன். அவர் திரையில் என்னைப் பார்த்துவிட்டார்.

"என்ன மச்சான், சாப்பாடா?"

"ஆமா மாப்ள."

பிள்ளை பிறந்ததையும் அவர் போனில்தான் பார்த்தார். பிள்ளை நடக்க ஆரம்பித்துவிட்டது. லீவு இன்னும் கிடைக்கவில்லை.

என் தங்கை இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சற்றுமுன் வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே எழுதுத?"

"கேம் செஞ்சதப் பத்தி."

"அவரு வாராரா அதுல?"

"வாராரு."

"வாசிச்சுக் காட்டு, கேப்பம்."

பிள்ளை அழுகிறது, போய்ப் பார் என்றேன். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.