உலைப் பக்கம் போகாத கண்ணாடி ஊதுநர்

ஸெனோன் குகூவா எங்கள் ஊர் ஓர்கான் கால்பந்து கிளப்புக்குப் பதினான்கு வருடம் கோல்கீப்பராக நின்றவன். ஓர்கான் என்றால் புயல். இரண்டாம் உலகப் போர் முடிந்த மறுவருடம் கண்ணாடித் தொழிற்சாலைக்காரர்கள் ஆரம்பித்த கிளப் அது. பெயர் வைத்தபோது அவர்கள் ஆட்டத்தைப் பார்த்திருக்கவில்லை.

அந்தப் பதினான்கு வருடமும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாற்று கோல்கீப்பர் நான். ஸெனோனுக்கு ஒரு ஜலதோஷம்கூடப் பிடித்ததில்லை. ஆகவே என் பேச்சில் கொஞ்சம் காரம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1976-இல் அவன் பக்கத்துக் கிராமத்தில் பீட்ரூட் வயலில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். எங்கள் தொழிற்சாலை இயக்குநர் காரில் போய் வயல் வரப்பிலேயே பேரத்தை முடித்தார். இரண்டு அறை வீடு, உருகிய கண்ணாடியைக் குழலில் ஊதி ஜாடி செய்கிற முதல்தர ஊதுநர் வேலை. அந்தக் கம்யூனிஸ்ட் காலத்தில் காசுக்கு விளையாடுகிறோம் என்று எவனும் சொல்லக் கூடாது. விளையாட்டு என்றால் தேசப்பற்று. சம்பளம் மட்டும் தொழிற்சாலையிலிருந்து வரும்.

"எனக்குக் கண்ணாடி ஊதத் தெரியாதே, தோழர்" என்றானாம் ஸெனோன்.

"உன்ன யாருப்பா ஊதச் சொன்னா? பந்தப் புடி, போதும்" என்றாராம் இயக்குநர்.

தொழிற்சாலையில் ஊதுநர் பதவி மொத்தம் பதினொன்று. நல்ல சம்பளம் அதற்குத்தான். கால்பந்து அணிக்கும் பதினொரு பேர். இயக்குநருக்கு அந்தக் கணக்கு பிடித்துப்போனது. உலை முன்னால் நின்று நிஜமாகவே ஊதியவர்களைக் கிடங்கு உதவியாளர்கள் என்று காகிதத்தில் எழுதிவிட்டார்கள். பெஞ்சில் இருந்த என்னைத் தச்சன் என்று எழுதினார்கள். இன்றுவரை எனக்கு ஒரு ஆணி நேராக அடிக்க வராது.

ஸெனோனின் பங்கை ஊதியவர் அப்போலினாரி. அவனைவிட இரண்டு வயது மூத்தவர். பேச்சு குறைவு. கால்பந்தைக் கண்டாலே ஆகாது. அவர் ஊதிய ஜாடிகளெல்லாம் ஸெனோன் பெயரில் ஏறின. மே தினம்தோறும் மேடையில் கூப்பிட்டு, இலக்கைத் தாண்டி நாற்பது சதவீதம் கூடுதலாக உற்பத்தி செய்த தோழர் என்று ஸெனோனுக்குச் சான்றிதழ் கொடுப்பார்கள். அவனும் வாங்கிக்கொண்டு, கூட்டத்தில் அப்போலினாரி நிற்கிற பக்கம் மட்டும் பார்க்காமல் இறங்குவான். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக்கு ஒரு கார்ப் மீன் கொடுத்தனுப்புவான். அவர் மனைவி வாங்கிச் சமைப்பாள். அவர் தொட மாட்டார்.

1983-இல் மூன்றாம் பிரிவுக்கு ஏறினோம். இரண்டு பருவம் அங்கே இருந்தோம். முதல் பருவத்தில் தப்பித்தது எங்களைவிட மோசமான ஒரு அணி ஆட்டத்தை விற்று மாட்டிக்கொண்டதால். இரண்டாம் பருவத்தில் எவனும் மாட்டவில்லை, இறங்கிவிட்டோம். ஊரில் இதைப் பொற்காலம் என்பார்கள்.

பிறகு ஆட்சி மாறியது. 1990-இல் நகரத்திலிருந்து புது இயக்குநர் வந்தார். இளைஞர், கண்ணாடி போட்டவர், காகிதத்தை நம்புகிறவர். தொழிற்சாலையை வாங்க ஜெர்மன்காரர்கள் பார்க்க வருகிறார்கள், முதல்தர ஊதுநர்கள் பதினொரு பேரும் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு உலை முன் நிற்க வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வெளியூரில் ஐந்து கோல் வாங்கித் தோற்றிருந்தோம். துக்கத்தை வோட்காவில் கரைத்துவிட்டுத் திங்கட்கிழமை பதினொரு பேரும் வந்து நின்றார்கள். ஆறு பேருக்கு நிற்பதே பெரிய காரியம். சான்றிதழ் அதிகம் வாங்கியவன் ஸெனோன் என்பதால் முதலில் அவனைக் கூப்பிட்டார்கள். யாரோ உருகிய கண்ணாடியைக் குழலின் முனையில் சுற்றிக் கொடுத்தார்கள். அவன் கன்னம் உப்ப ஊதினான். கண்ணாடி ஒரு பக்கமாகத் தொங்கி, நீண்டு, கழன்றது. விழுகிறதைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் பாய்ந்து பிடித்துவிட்டான். முந்தின நாள் ஐந்தை விட்டவன் அதை விடவில்லை. உள்ளங்கை வெந்துபோனது.

"யார் இவங்க எல்லாம்?" என்று கேட்டார் இயக்குநர்.

ஓரமாகக் கைகட்டி நின்ற அப்போலினாரி சொன்னார்: "நாங்க இத்தன வருஷம் ஊதி ஊதி வளர்த்த டீம் சார்."

ஜெர்மன்காரர்கள் திரும்பிப் போனார்கள். அணி மொத்தமும் வேலை இழந்தது. கட்டு அவிழ்ந்த கையோடு ஸெனோன் மட்டும் மறுபடி தொழிற்சாலை வாசலில் போய் நின்றான். முப்பத்தேழு வயதில் உடைந்த கண்ணாடி கூட்டுகிற வேலை கிடைத்தது. ஆறு வருடம் கூட்டினான். பிறகு தொழிற்சாலையையே மூடினார்கள். கிளப் மட்டும் சாகவில்லை. ஊரில் தொத்திறைச்சி ஆலை வைத்திருந்தவர் தலைவரானார். ஆட்டக்காரர்கள் சட்டையில் பன்றிப் படம் வந்தது.

2011-இல் அப்போலினாரிக்கு அறுபது வயது. உலையில் வெந்தவர்களுக்கு ஐந்து வருடம் முன்னதாகவே ஓய்வூதியம் உண்டு. ஆனால் காகிதத்தில் அவர் கிடங்கு உதவியாளர். ஓய்வூதிய அலுவலகத்தில் இரண்டு சாட்சிகள் கொண்டுவரச் சொன்னார்கள். உலைக்கூடம் கழுவிய கிழவி லெயோகாதியா ஒரு சாட்சி. கூட ஊதியவர்களும் காகிதத்தில் கிடங்குக்காரர்கள் என்பதால் இன்னொன்றுக்கு ஆள் இல்லை. அப்போலினாரி வீட்டில் என்னைத்தான் முதலில் கேட்டார்கள். எனக்கு அந்த வாரம் இடுப்புவலி.

ஸெனோன் போனான். அவனும் பெரிய தியாகம் செய்யும் எண்ணத்தோடு போகவில்லை. நானும் உலையில் நின்றேன், இவரும் என் பக்கத்தில் நின்றார் என்று சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் திட்டம். இன்னும் இரண்டு வருடத்தில் அவனுக்கும் அந்த ஓய்வூதியம் வர வேண்டியிருந்தது.

விசாரித்த அம்மாள் பழைய பட்டியலை எடுத்து விரித்தாராம். பதவி பதினொன்று, பெயர் பதினொன்று. எல்லோரும் வேலையில் இருந்திருக்கிறார்கள் என்றால் இவர் பன்னிரண்டாவதாக எங்கே நின்றார் என்று கேட்டார். ஸெனோன் திரும்பிப் பார்த்தான். பக்கத்து நாற்காலியில் அப்போலினாரி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"அந்தப் பதினோரு பேர்ல நான் இல்லீங்க" என்றான் கடைசியில். "என் இடத்துல நின்னது இவருதான்."

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"கோல்ல."

இதை எழுதினால் உங்கள் பதினான்கு வருட உலைக் கணக்கும் போய்விடும், தெரியுமா என்று அந்த அம்மாள் கேட்டார். தெரியும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

அப்போலினாரிக்கு ஓய்வூதியம் வந்தது. அவர் ஸெனோனுக்கு நன்றி சொன்னதாகத் தகவல் இல்லை. "வாங்கின சம்பளத்துக்குக் கடைசியில ஒரு நாளாவது வேலை செஞ்சான்" என்று மதுக்கடையில் சொன்னாராம். பழைய ஆட்டக்காரர்கள் சிலர் தங்கள் காகிதத்தையும் யாராவது தோண்டுவார்கள் என்று பயந்து ஸெனோனோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவன் ஒரு பெரிய கடையின் கார் நிறுத்துமிடத்தில் காவலுக்குப் போனான்.

கிளப்பின் எழுபதாவது ஆண்டுக்குத் தலைவர் வழவழ காகிதத்தில் வரலாறு போட்டார். கிளப்பின் மானத்தை வாங்கியவன் என்று ஸெனோனின் பெயரை எடுத்துவிட்டு, அந்தப் பதினான்கு வருடமும் கோலில் நின்றது நான் என்று அச்சடித்திருந்தார்கள். நான் மறுக்கவில்லை. இரண்டு பிரதி வாங்கினேன்.

அறுபத்தைந்து வயதில் ஸெனோனுக்கு எல்லோரையும் போலச் சாதாரண ஓய்வூதியம் கிடைத்தது. அந்தக் கோடையில் மனைவியோடு முதல்முறையாகக் கடலைப் பார்க்கப் போனான். மூக்குத் தோல் உரிந்து திரும்பி வந்தான். எப்படி இருந்தது என்று கேட்டேன். தண்ணீர் ரொம்பக் குளிர், மீன் விலை அநியாயம், அடுத்த வருடமும் போகப் போகிறோம் என்றான்.