அணைப்பதற்கு முன் பதினேழு வரிகள்

பஸ்ஸில் ஏறினால் விண்ணரசி பாதி வழியில் காணாமல் போய்விடுவாள். உடம்பு ஜன்னலோரம் இருக்கும். மனம் முந்திரித் தோப்புக்குள் எங்கேயோ உலாத்திக்கொண்டிருக்கும். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வருவது அவளுக்கு வாடிக்கை. வரதராசன்பேட்டையில் அவளுக்குச் சொப்பனக்காரி என்றே பெயர். அந்தச் சொப்பனக்காரியை நம்பித்தான் சுற்றுவட்டார ஆலைகள் எந்திரங்களை இயக்கும் தங்கள் தொடுதிரைகளைப் பழுதுபார்க்கும் வேலையை ஒப்படைத்திருந்தன, பாவம்.

அன்று ஆலத்தியூர் தாண்டி ஒரு சுண்ணாம்புக்கல் அரைவை ஆலையில் வேலை. அரைவை எந்திரத்தின் தொடுதிரைக்குப் புது மெமரி கார்டு பொருத்த வேண்டும். வாசலில் ஹெல்மெட்டை மடியில் வைத்தபடி பாக்யலட்சுமி உட்கார்ந்திருந்தாள். எந்திரத்தை ஓட்டுகிறவள். செவ்வாய்க்கிழமை பேரிங் எரிந்தபோது அவள் தூங்கிவிட்டாள் என்று பேச்சு. விடிந்தால் விசாரணை, வேலை போவது அநேகமாக உறுதி.

“அந்த ஸ்கிரீன்ல பழசெல்லாம் இருக்குமாக்கா?” என்றாள்.

“பாக்குறேன்மா.”

எந்திரத்தை அவள் வேலைக்காக நிறுத்தியிருந்தார்கள். அவ்வளவு பெரிய இரைச்சல் போன பிறகு வந்த அமைதியில், வெளிச்சத்தில் மாவுத் தூசி அவசரமில்லாமல் இறங்கியது. விண்ணரசிக்கு அப்படியே நின்றுவிடலாம் போலிருந்தது.

“அரை மணி நேரந்தாம்மா. சீக்கிரம் ஆஃப் பண்ணி மாட்டுங்க” என்றார் இன்ஜினியர் அசோக்.

சுவிட்சுக்குப் போன கை நின்றது. திரையின் மூலையில் பேட்டரி அடையாளம் சிவப்பாக இருந்தது.

“பேட்டரி செத்துடுச்சு சார். ஆஃப் பண்ணா பழைய பதிவெல்லாம் போயிடும்.”

“போனா போவுது. அதான் புதுசு மாட்டுறீங்கள்ல?”

“எழுதிக்கிட்டு மாட்டுறேன் சார்.”

படம் எடுக்க வழியில்லை, செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். கார்பன் வைத்த சர்வீஸ் படிவத்தில் வரிவரியாக எழுதினாள். எழுத எழுத, பார்க்காத அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் அவள் கண்முன் நடந்தது. 2.10, பேரிங் சூடு. 2.14, மறுபடியும் சூடு. 2.21, எந்திரம் நிறுத்தம்: பாக்யலட்சுமி. 2.23, எந்திரம் ஓட்டம்: அசோக். 2.24, எச்சரிக்கை முடக்கம்: அசோக். மொத்தம் பதினேழு வரி.

திரும்பினாள். அசோக் பின்னாலேயே நின்று படித்துக்கொண்டிருந்தார்.

“சரிபாத்து கையெழுத்துப் போடுங்க சார். அப்பறம் ஆஃப் பண்றேன்.”

“மாட்டாம போனா உங்க ஆபீஸ்ல என்ன சொல்வாங்கன்னு தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பேனாவை நீட்டியபடியே நின்றாள்.

“அன்னிக்கு லோடு போயே ஆவணும்னு மேல நெருக்குனாங்கம்மா” என்றார் அவர், பேனாவை வாங்கிக்கொண்டு. கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு எல்லாம் சுலபம். மின்சாரத்தை நிறுத்தி, பின்மூடியைக் கழற்றி, கார்டை ‘டிக்’ என்று கேட்கும்வரை அழுத்தினாள். திரை விழித்ததும் பேட்டரியை மாற்றி, தேதி, நேரம் வைத்து, பதிவுகள் இனிக் கார்டுக்கே போகும்படி அமைத்தாள். செவ்வாய்க்கிழமை அதில் இல்லை.

வாசலில் கார்பன் பிரதியை நீட்டினாள். பாக்யலட்சுமி 2.21-இல் விரலை வைத்தாள். விரல் அங்கேயே நின்றது. பிறகு உடைந்து அழுதாள்.

“நெசமாவே நிறுத்தியிருக்கேன்ல? தூங்கிட்டே, தூங்கிட்டேன்னு எல்லாரும் சொல்லிச் சொல்லி, எனக்கே சந்தேகம் வந்துடுச்சுக்கா.”