அப்பளக் கடைக்கு எதிரே ஓர் ஏவுகணை

கேட்க வராதவருக்கும் சலிக்காமல் விளக்கம் சொல்வதே பொருட்காட்சி விளக்குநரின் தொழில். நாளெல்லாம் பேசித் தொண்டை வறண்ட நண்பர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும். திண்டுக்கல் பொருட்காட்சியில், நடுத்தரத் தூரம் பாயும் ஏவுகணையின் மாதிரி ஒன்றை, உள்ளுறுப்புகள் தெரியும்படி நெடுக்காகப் பிளந்து நிறுத்தியிருந்தோம். எதிரே டெல்லி அப்பளக் கடை. கூட்டம் முழுவதும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் எங்கள் அரங்கில் ஆள் சேராவிட்டால் இந்த இடத்தையும் அப்பளத்துக்கே கொடுத்துவிடுவதாக ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார்.

கழன்று விழும் அடுக்கு

சித்தையன்கோட்டையிலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். ஏவுகணைக்கு இரண்டு அடுக்குகள் என்றும், கீழடுக்கு தன் எரிபொருள் தீரும்வரை மேலடுக்கைச் சுமந்து உயர்த்திவிட்டுக் கழன்று விழும் என்றும் விளக்கினேன். இத்தகைய இடத்தில் அறம் சொல்லாமல் இருக்க என்னால் இயலாது. பெரியோரும் அவ்வாறே இளையோரை உயர்த்திவிட்டு விலகி நிற்பதுதான் பெருமை என்றேன். மருமகள் மிகுந்த கவனத்தோடு தலையசைத்தாள். மாமியார் என்னருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "செத்த மெதுவாச் சொல்லுங்க தம்பி. அவ ஏற்கெனவே என்னையக் கழட்டிவிட நேரம் பாத்துக்கிட்டு இருக்கா."

துபாய்க்கு ஒரு தேக்சா

பிரியாணிக் கடை நடத்தும் பாய் ஒருவர், இது துபாய்வரை போகுமா என்று கேட்டார். அவருடைய மகள் அங்கே இருக்கிறாராம். இவ்வகை ஏவுகணை ஆயிரத்திலிருந்து மூவாயிரம் கிலோமீட்டர்வரை பாயும். காற்று மண்டலத்துக்கும் மேலே ஏறி, எறிந்த கல்லைப் போல வளைந்து, கால் மணி நேரத்தில் இறங்கிவிடும் என்றேன். அப்படியானால் மகளுக்குச் சூடாக ஒரு தேக்சா பிரியாணி அனுப்பலாமே என்று அவர் மகிழ்ந்தார்.

காற்றுக்குள் திரும்ப நுழையும்போது முனை பழுக்கக் காய்ந்தாலும், அந்தச் சூடு உள்ளே இறங்காதபடி கவசம் காக்கும் என்றேன். சுற்றிலும் அனல் வீசும்போதும் உள்ளம் குளிர்ந்திருப்பவரே இலக்கை அடைவார் என்றும் சேர்த்துக்கொண்டேன். பாய் யோசித்தார். "அது மனுசனுக்குச் சரி சார். தம் பிரியாணிக்குச் சூடு உள்ள எறங்கணுமே."

மாலை சூடிய நாள்

சனிக்கிழமை ஆயுத பூசை. காவலாளி, ராட்டினத்துக்கும் ஜெனரேட்டருக்கும் செய்ததைப் போலவே, ஏவுகணைக்கும் சந்தனம் குங்குமம் இட்டு மாலை சூட்டிவிட்டார். மறுநாள் குஜிலியம்பாறையிலிருந்து வந்த ஒரு கூட்டம் அதைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு வலம்வரத் தொடங்கியது. பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள்.

மாலையை எடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். நிற்காமல் போகிறவர்கள்தாம் இத்தனை நாளும். இவர்களோ மூன்று சுற்று சுற்றுகிறார்கள். முதல் சுற்றில் திட எரிபொருளைச் சொன்னேன். இரண்டாவதில், ஏவுகணை தன் பாதையைத் தானே கணித்துத் திருத்திக்கொள்வதைச் சொன்னேன். மூன்றாவதில், பயன்படுத்தப்படாமல் இருப்பதே படைக்கலத்துக்குப் பெருமை என்று சொன்னேன். அனைவரும் கைகூப்பிக் கேட்டார்கள்.

மாலையில் ஒப்பந்தக்காரர் வந்தார். வாசலில் குவிந்திருந்த செருப்புகளைப் பார்த்தார். தம் செருப்பையும் கழற்றினார். மூன்று சுற்றும் சுற்றினார். "அப்பளக்காரருக்கு வேற எடம் பாத்துக்கலாம் சார். பூசை போட்ட எடத்துல எண்ணெய்ச் சட்டி வைக்க எனக்குத் தைரியம் இல்ல."

மூவாயிரம் கிலோமீட்டர் பாயும் ஆற்றலை ஊருக்கு உணர்த்தச் சென்ற நான், அந்த ஏவுகணையை நின்ற இடத்திலிருந்து நகராமல் காத்ததே என் பணிக்காலத்தின் மாபெரும் வெற்றி.