ஓடிக்கொண்டே இருந்த கட்டில்

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இன்டர்வியூ கிடையாது; கல்யாணத்தன்றே சேர்த்துக்கொள்கிறார்கள், பயிற்சிதான் தருவதில்லை. நீங்களும் இதே வேலையில் இருந்தால், என்னைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்ளுங்கள்.

கிளட்ச்

என் கணவர் ஸ்ரீரங்கத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்தினவர். புற்றுநோய் ஈரல் வரைக்கும் போய்விட்டது, இனி வலியில்லாமல் பார்த்துக்கொள்வதுதான் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் கட்டிலின் கால்மாட்டை உதைத்து, "கிளட்ச், கிளட்ச்!" என்று கத்தினார். பொய் சொன்னால் முட்டி போட வைக்கும் கான்வென்ட்டில் படித்தவள் நான். "இது கார் இல்லைங்க, கட்டில். நான் உங்க பொண்டாட்டி" என்று பத்து தடவை திருத்தினேன். ஒவ்வொரு தடவையும் அவருக்குப் பயம்தான் கூடியது. கடைசியில் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "மேடம், பேசாம ரோட்டைப் பாருங்க. எனக்கு வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கு."

சீலிங் மூலை

மறுநாள் சீலிங் மூலையைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டு மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பெருமாள் சேவை சாதிக்கிறார்டி. தொந்தரவு பண்ணாதே." நானும் அழுதுகொண்டே விளக்கேற்றினேன்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் அக்கா அவர் அடிவயிற்றைத் தொட்டார். கல் மாதிரி இருந்தது. "இதுக்குப் பேர் டெலிரியம்ங்க. உடம்புல இருக்கிற கோளாறு மூளையைக் குழப்புது. வாதாடாதீங்க. கண்ணாடியை மாட்டி விடுங்க, ஜன்னலைத் திறங்க, உங்க பேரைச் சொல்லிட்டுப் பக்கத்துல உட்காருங்க" என்றவர், விளக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் சரி, இவர் கடைசியா யூரின் போனது எப்ப?"

மணிக்கட்டு

யூரின் தேங்கியதுதான் குழப்பியிருக்கிறது என்று, அது வெளியே போக டியூப் போட்டார். தெளிய ஒரு நாள், இரண்டு நாள் ஆகலாம் என்றார். அன்று சாயங்காலமே, எங்கள் நான்கு வயது நிலா பக்கத்தில் போனதும், ஓடுகிற காரிலிருந்து விழுந்துவிடுவாள் என்று அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். நானும் துணைக்கு வந்திருந்த என் அம்மாவும் சேர்ந்துதான் விரல்களைப் பிரித்தோம். எனக்கு அவர் மேலேயே பயம் வந்தது, எழுதக் கூசுகிறது. மறுநாள் அவளை அம்மாவோடு மணப்பாறைக்கு பஸ் ஏற்றினேன். அவள் அழவில்லை. ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "அப்பா காரை நிறுத்தினதும் என்னைக் கூப்பிடும்மா."

நிறுத்தினார்

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு நிறுத்தினார். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். காபி கேட்டார். "ஏன் கண்ணெல்லாம் வீங்கியிருக்கு? நிலா எங்க?" என்றார். போன் செய்தேன், கிடைத்த பஸ்ஸில் கிளம்பினார்கள். "எதுவரைக்கும் வந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டார்கள், இன்னும் கால் மணி நேரம்தான் என்று நான் சொன்னபோது, அது அவர் காதில் ஏறவில்லை. கால் மறுபடி பிரேக்கைத் தேடிக்கொண்டிருந்தது. டியூபில் அடைப்பு இல்லை. இந்தத் தடவை காரணம் ஈரல், இனி தெளிவது சந்தேகம்தான் என்று நர்ஸ் அக்கா போனில் சொன்னார்.

நிலா செருப்போடு உள்ளே ஓடி வந்து, "நிறுத்திட்டியாப்பா?" என்றாள். அவர் மிகவும் மரியாதையாக அவளைப் பார்த்தார். "தள்ளி நில்லும்மா, வண்டி வருது. யார் வீட்டுப் பிள்ளைங்க இது?"

பயந்துபோய் அவளைப் பத்திரமாக அனுப்பி வைத்ததுதான், இந்த வேலையில் நான் சரியாகச் செய்ததாக நினைத்த ஒரே காரியம்.